பெட்டியைத் திறப்பதற்கு முன்: ஒரு திறந்த மடல்

பழுதான நிண்டெண்டோ பெட்டிக்குள் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைக்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு,

நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற வீடியோ கேம் பெட்டி, சுருக்கமாக என்இஎஸ், முதலில் ஃபாமிகாம் என்ற பெயரில் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவெமுரா. அமெரிக்காவுக்காக வேறு உருவம் கொடுக்கப்பட்டு, 1985 அக்டோபரில் நியூயார்க் கடைகளில் அது சாம்பல் நிறச் செவ்வகப் பெட்டியாக நின்றது. கேசட்டை முன்பக்கக் கதவைத் திறந்து உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். பார்வைக்கு வீடியோ பிளேயர் போல இருக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். இரு வடிவங்களும் சேர்ந்து உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் விற்றன. ஜப்பானில் உற்பத்தி 2003-இல் நின்றது, நிறுவனத்தின் பழுதுபார்ப்புச் சேவை 2007 அக்டோபரோடு முடிந்தது. அதன் பிறகு கெட்டுப்போகும் ஒவ்வொரு பெட்டியும் வைத்திருப்பவர் பொறுப்பு.

இந்தியாவில் 1990-களில் 'டிவி கேம்' என்று வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இதன் நகல்கள். மேல்பக்கம் செருகும் 60 முனைக் கேசட்டும், 'இத்தனை ஆயிரம் கேம்' என்று பெருமையடிக்கும் மஞ்சள் நிறக் கேசட்டும் நினைவிருப்பவர்கள் ஆடியது ஃபாமிகாமின் வாரிசைத்தான். ரஷ்யாவில் இதே இடத்தை 1992 இறுதியில் வந்த டென்டி பிடித்தது. மடலின் பெரும்பகுதி அசல் என்இஎஸ் பற்றியது. நகல் பெட்டி வேறுபடும் இடங்கள் அங்கங்கே சொல்லப்படும்.

பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. என்இஎஸ்ஸைப் பொறுத்தவரை 'செத்த' பெட்டிகளில் பல உயிரோடுதான் இருக்கின்றன. அடையாளம் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்து அணைந்து எரிந்து, திரை நொடிக்கு ஒருமுறை துடித்தால், உள்ளிருக்கும் காவல் சிப் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பெட்டியில் ஒரு காவல் சிப், அசல் கேசட்டில் அதன் இணை. இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு தடைப்பட்டால் பெட்டி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். தடைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் 72 முனைக் கனெக்டர். கேசட்டை உள்ளே தள்ளி அழுத்தும் அந்த வீடியோ பிளேயர் பாணி, கனெக்டரின் முனைகளை வளைத்து வளைத்துத் தளர்த்திவிடுகிறது. அழகுக்காகச் செய்த ஏற்பாடு ஆயுளைக் குறைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் மின்னணுச் சாமான்களில் கிடைப்பது கடினம். கேசட்டுக்குள் வாயால் ஊதும் பழக்கம் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தது. ஊதியதால் சரியானதாகத் தோன்றியது உண்மையில் கேசட்டை எடுத்து மறுபடி செருகியதால் சரியானது. வாயின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கவே செய்யும்.

எனவே முதல் வேலை சுத்தம். ஐசோபுரோபில் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் கேசட்டின் முனைகளைத் துடைக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டுவது கைவினைஞர்களிடையே புழங்கும் முறை. கேட்பதற்குச் சமையல் குறிப்பு போல இருந்தாலும் பல நேரம் பலிக்கிறது. புதுக் கனெக்டரும் வெளியே கிடைக்கிறது, ஆனால் சில கேசட்டை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். காவல் சிப்பின் 4-ஆம் காலைப் போர்டிலிருந்து விடுவித்தால் விளக்குத் துடிப்பு நின்றுவிடும் என்பதும் பரவலாகத் தெரிந்த வைத்தியம்.

விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டரைப் பார்க்க வேண்டும். அசல் அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்சாரம், 1.3 ஆம்பியர் தருவது. உள்ளே அது நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, 7805 என்ற ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட்டாகிறது. மல்டிமீட்டரை அந்த ரெகுலேட்டரின் வெளிவரும் காலில் வைத்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். உள்ளே வருகிறது, வெளியே வரவில்லை என்றால் கெட்டது சில ரூபாய் மதிப்புள்ள அந்த ஒரு பாகம்தான். விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் டிவியையும் சந்தேகிக்கலாம்: ஆண்டெனா வயர் வழியாக அலைவரிசை தேடும் பழைய வழி புதிய டிவியில் பல நேரம் கைகொடுக்காது, பக்கவாட்டில் உள்ள மஞ்சள், சிவப்பு ஏவி துளைகள் கைகொடுக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகும் திரை வெறுமையாக நின்றால், செயலியோ படச் சிப்போ நினைவகமோ போயிருக்கிறது. தண்ணீர் புகுந்து செம்புத் தடங்கள் பச்சை பூத்த போர்டும் இந்தக் கணக்கில் சேரும்.

நகல் பெட்டியில் கதை சுருக்கம். பல நகல்களில் எல்லாச் சிப்புகளும் ஒன்றாக்கப்பட்டு, போர்டின் நடுவே கறுப்புப் பிசின் பொட்டுக்குள் புதைந்திருக்கும். பொட்டுக்குள் கெட்டால் மாற்ற வழியில்லை. ரெகுலேட்டரும் சுவிட்சும் வயரும் சரியாக இருந்து படம் வராத நகல் பெட்டி, மாற்றத்துக்குத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளத் தக்கது.

உயிருள்ள என்இஎஸ் போர்டைக் கழற்றி வீசிவிட்டு அந்த இடத்தில் ராஸ்பெரி பை வைப்பது வேண்டாத வேலை. போர்டு உண்மையில் போயிருந்தால் மட்டுமே மாற்றத்துக்கு நியாயம் உண்டு. அப்போதும் வெட்டாமல், துளையிடாமல், நாளைக்கு நல்ல போர்டு கிடைத்தால் பழைய நிலைக்கே கொண்டுவரும்படி செய்ய முடியும். என்இஎஸ்ஸின் கட்டுமானம் இதற்கு வியக்கத்தக்க அளவில் ஒத்துழைக்கிறது.

பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் ஆறு திருகாணிகள். சாதாரண நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் போதும். கேசட்டுகளின் திருகாணிதான் வேறு: அவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் தனி முனை வேண்டும். மேல்மூடியை எடுத்ததும் அலைத் தடுப்புத் தகரம், அதற்குக் கீழே கேசட் தட்டு, அதற்கும் கீழே போர்டு. கன்ட்ரோலர் துளைகளின் வயர்களும், பவர், ரீசெட் பொத்தான்களின் வயரும் போர்டில் பிளக்காகத்தான் செருகப்பட்டிருக்கின்றன. பிடுங்கினால் வந்துவிடும், கத்தரிக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும், திருகாணிகளை வெவ்வேறு கிண்ணத்தில் போடுவதும் பிறகு பெரும் நிம்மதி தரும். மஞ்சள் படிந்த மூடியை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் வழக்கம் உண்டு. சீராகத் தடவாவிட்டால் மூடி தேமல் விழுந்தது போல ஆகும், ஆகவே அவசரக்காரர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

உள்ளே போகும் சிறு கணினியாக ராஸ்பெரி பை இத்தனை பேரால் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு விலையும் அளவும் காரணம். கேம்பிரிட்ஜில் பிறந்து 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த முதல் போர்டின் விலை 35 டாலர். நீளம் 85, அகலம் 56 மில்லிமீட்டர். என்இஎஸ் பெட்டி ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டது. இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 8 பிட் விளையாட்டுகளுக்கு 2016-இல் வந்த பை 3 தாராளம். அதற்கு மேல் வாங்குவது, பிளேஸ்டேஷன் போன்ற பிந்தைய கருவிகளின் விளையாட்டுகளையும் ஆட நினைப்பவர்களுக்கு. போர்டின் துளைகள் எம்2.5 திருகாணிக்கானவை. அசல் போர்டின் திருகாணித் துளைகளில் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் பலகையைச் செய்து, அதன்மேல் பையைப் பொருத்தினால் பெட்டியில் ஒரு கீறல்கூட விழாது. தகரத்தைத் திரும்ப மூடக் கூடாது: அது அன்று அலைகள் வெளியேறாமல் தடுத்தது, இன்று வைஃபை உள்ளே வராமல் தடுக்கும். சூடும் கவனிக்கத்தக்கது. செயலி 80 டிகிரியைத் தாண்டும்போது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது இசை திக்கும். ஒரு சிறு அலுமினியத் தகடு ஒட்டினால் பை 3-க்குப் போதும்.

பழைய 7805 ரெகுலேட்டரிலிருந்தே பைக்கு மின்சாரம் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். அது கூடாது. அந்தப் பாகம் ஏறத்தாழ 1 ஆம்பியருக்கானது. பை 3 கேட்பது 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், பை 4 கேட்பது 3 ஆம்பியர். போதாத மின்சாரத்தில் பை இயங்கும், ஆனால் காரணம் தெரியாமல் இடையிடையே நின்றுபோகும், மெமரி கார்டும் கெடும். நல்ல அடாப்டரின் வயரைப் பழைய அடாப்டர் துளையின் வழியே உள்ளே கொண்டுவருவதே முறை.

இனி பொத்தான்கள். அசல் பெட்டியில் பவர் பொத்தான் அழுத்தினால் உள்ளே நின்றுகொள்ளும், மறுபடி அழுத்தினால் வெளியே வரும். ரீசெட் பொத்தான் விரலை எடுத்ததும் திரும்பிவிடும். இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றினாலும் மாற்றத்தின் பாதித் தலைவலி இதில்தான். என்இஎஸ்ஸை எப்போது அணைத்தாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பை ஒரு முழுக் கணினி, எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கார்டில் உள்ள கோப்புகள் சிதையும். ஆகையால் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்காமல், பையின் ஜிபிஐஓ முனை (வெளிப்பாகங்களை இணைப்பதற்கான முனை) ஒன்றுக்கு 'மூடிக்கொள்' என்ற சைகையை மட்டும் தர வேண்டும். ஜிபிஐஓ 3 என்ற முனைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: உறங்கும் பையில் அந்த முனையைத் தரையோடு (கிரவுண்ட்) இணைத்தால் அது விழித்துக்கொள்ளும். ரீசெட் போன்ற திரும்பும் பொத்தானை அதில் இணைத்து, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், ஒரே பொத்தான் எழுப்பவும் உறங்கவைக்கவும் செய்யும். நின்றுகொள்ளும் பவர் பொத்தானையே பயன்படுத்த விரும்பினால், அது விடுபடும் கணத்தைக் கவனித்து மூடும் சிறு நிரல் ஒன்று தேவைப்படும். சிவப்பு விளக்கை ஜிபிஐஓ 14-இல் 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்து, சீரியல் வசதியை இயக்கி வைத்தால், பை முழுதாக உறங்கிய பிறகே விளக்கு அணையும். மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

கன்ட்ரோலர்தான் இந்த வேலையின் சுவையான பகுதி. பழைய கன்ட்ரோலர் கையில் இல்லாமல் பழைய விளையாட்டு இல்லை. கும்பெய் யோகோய் 1982-இல் கைக்கருவி ஒன்றுக்காக வடித்த சிலுவை வடிவத் திசைப் பொத்தான் இதில் அப்படியே வந்திருக்கிறது. உள்ளே இருப்பதோ ஒரே ஒரு சிப்: 4021 என்ற 8 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். எட்டுப் பொத்தான், எட்டு பிட். பெட்டி 'லாட்ச்' வயரில் ஒரு துடிப்பு அனுப்பினால், அந்தக் கணத்தில் எட்டுப் பொத்தான்களின் நிலையும் சிப்பில் பதிவாகும். பிறகு 'கிளாக்' வயரில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொத்தான் வீதம் 'டேட்டா' வயரில் வெளியே வரும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பந்தியில் வரிசையாகக் கை நீட்டுவது போல, இந்த ஒழுங்கு மாறாது. மின்சாரமும் தரையும் சேர்த்து மொத்தம் ஐந்து வயர்.

இந்த எளிமையால் கன்ட்ரோலரைப் பையோடு நேரடியாகவே இணைக்க முடிகிறது. ஓர் எச்சரிக்கை உண்டு. என்இஎஸ் கன்ட்ரோலருக்கு 5 வோல்ட் தரும், பையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கன்ட்ரோலருக்கு 5 வோல்ட் கொடுத்தால் டேட்டா வயரிலும் 5 வோல்ட் வந்து பையின் முனையைக் கருக்கும். 4021 குடும்பச் சிப்புகள் 3 வோல்ட்டிலேயே வேலை செய்பவை என்பதால், கன்ட்ரோலருக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் லாட்ச், கிளாக் வயர்கள் பொதுவாக இருக்கலாம். டேட்டா மட்டும் தனித்தனி. வயர்களின் நிறத்தை நம்பாமல், எது எங்கே போகிறது என்று மல்டிமீட்டரின் பீப் ஒலியால் உறுதி செய்துகொள்வது நல்லது. நகல் கன்ட்ரோலர்களில் நிறம் சொல்வது ஒன்றும் நிஜம் ஒன்றுமாக இருக்கும், அவற்றின் பிளக்கும் பெரும்பாலும் 9 முனை கொண்டது. சால்டரிங் கை வராதவர்கள் கன்ட்ரோலரை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் ரெசிஸ்டரும் பிளக்கும் வயரும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பொத்தான் சரியாகப் பதியாவிட்டால் கன்ட்ரோலரைத் திறந்து, ரப்பரின் கறுப்புக் கார்பன் பொட்டையும் எதிரே உள்ள தடங்களையும் துடைத்தால் பழைய பதம் திரும்பும்.

மென்பொருள் பக்கம் வேலை குறைவு. ரெட்ரோபை, லக்கா, ரீகால்பாக்ஸ், படோசெரா ஆகிய இலவசத் தொகுப்புகளில் ஒன்றை மெமரி கார்டில் ஏற்றினால், பட்டியல் திரையும் எமுலேட்டர்களும் (பழைய பெட்டியைப் போல நடந்துகொள்ளும் நிரல்கள்) சேர்ந்தே வந்துவிடும். ஆனால் எமுலேட்டர் உள்ளே என்ன செய்கிறது என்பது தெரிந்தால், எதை மாற்றலாம், எதை விடலாம் என்பது விளங்கும். என்இஎஸ்ஸின் மூளை, 6502 செயலியை அடிப்படையாகக் கொண்ட ரிக்கோ 2ஏ03, வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை நினைவகம் 2 கிலோபைட். படத்தை வரைவது தனிச் சிப். செயலி ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்தில் படச் சிப் மூன்று புள்ளிகளைக் கடக்கும். ஒரு முழுப் படத்துக்குச் செயலிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 29,780 அடிகள். எமுலேட்டர் இந்த இரண்டின் நடையையும் ஒரே தாளத்தில் வைத்திருக்க வேண்டும். தாளம் முக்கியம், ஏனெனில் அன்றைய நிரலாளர்கள் அதன் மேல்தான் வித்தை காட்டினார்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் அளவு வெறும் 40 கிலோபைட். அதில் மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, கீழே காட்சி நகர்கிறது. மேலுள்ள நாணயப் படத்தின் அடியில் ஒளித்துவைத்த ஒரு சிறு உருவம் வரையப்படும் கணத்தைச் செயலி காத்திருந்து பிடித்து, அதன் பிறகே காட்சியை நகர்த்துகிறது. எமுலேட்டரின் கணக்கு பிசகினால் பட்டை நடுங்கும் அல்லது ஆட்டம் உறைந்துவிடும். 1997 ஏப்ரலில் வந்து புகழ்பெற்ற நெஸ்டிக்கிள் போன்ற தொடக்க கால எமுலேட்டர்கள் வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுத்தவை. இன்று பையில் ஓடும் நெஸ்டோபியாவுக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய அசல் சிப்பால் முடியாது. கூட்டம் சேரும்போது உருவங்கள் மின்னி மறைவது அதனால்தான். இந்த மின்னலை நீக்கும் வசதி எமுலேட்டர்களில் உண்டு. கோயில் தூணில் உளித்தடத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது போன்ற காரியம் அது என்றாலும், விரும்புவோர் செய்துகொள்ளலாம்.

இங்கே நகல் பெட்டியில் வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் நொடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 50 ஹெர்ட்ஸ் டிவிக்கான பெட்டியில் அதே ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். சிறுவயதில் அப்படி ஆடியவருக்கு எமுலேட்டரில் மாரியோ அவசரப்படுவது போலத் தோன்றினால் அது பிரமை ஆகாது. எமுலேட்டரின் பகுதித் தேர்வில் 50 ஹெர்ட்ஸ் முறையான 'பால்' அல்லது 'டென்டி' என்று மாற்றினால் பழைய நடை திரும்பும்.

என்இஎஸ்ஸின் படம் 256-க்கு 240 புள்ளிகள். 720 கோடுகள் கொண்ட எச்டி திரையில் ஒவ்வொரு புள்ளியும் சரியாக மூன்று மடங்காகும். 1080 கோட்டுத் திரையில் நாலரை மடங்கு வருவதால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். அங்கே நான்கு மடங்கில் நிறுத்தி, மேலும் கீழும் கறுப்பாக விட்டுவிடுவது கண்ணுக்கு நல்லது. பொத்தானை அழுத்திச் சற்றுப் பிந்தி மாரியோ குதித்தால், குற்றம் பெரும்பாலும் டிவியின் பட மெருகேற்றத்துடையது. டிவியில் 'கேம்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி மட்டும் புதிய திரையில் எந்த வைத்தியத்துக்கும் எளிதில் வசப்படாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு வெள்ளைக் கட்டமாகும். அந்த ஒளியைத் துப்பாக்கி பார்க்கிறது. அது குழாய் டிவியின் உடனடி ஒளியை நம்பிச் செய்யப்பட்டது, தாமதித்து ஒளிரும் எல்சிடியில் எப்போதும் தவறிவிடும்.

விளையாட்டுக் கோப்புகள் பற்றிய சட்டமும் இதில் சேர்ந்தது. எமுலேட்டர் என்ற மென்பொருள் தன்னளவில் குற்றமில்லை: சோனி தொடுத்த கனெக்டிக்ஸ் வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டரை உருவாக்கும் ஆய்வுக்காக நகலெடுத்ததை நியாயமான பயன்பாடு என்றே ஏற்றது. விளையாட்டின் நகல் வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, முறையாகக் கையில் உள்ள கணினி நிரலின் பிரதியை இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்புப் பிரதியாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அதாவது சொந்தக் கேசட்டை, அதைப் படிக்கும் ஒரு கருவியில் செருகிக் கோப்பாக்குவதற்கு ஆதாரம் உண்டு. ஆயிரம் விளையாட்டுகளை எங்கிருந்தோ இறக்கி, கார்டில் நிரப்பி, பெட்டியோடு சேர்த்து விற்பதற்கு இல்லை. கேசட்டைப் படிக்கும்போதே, பேட்டரி உள்ள கேசட்டுகளில் சேமித்த ஆட்டங்களையும் எடுத்துவிட வேண்டும். அந்தச் சிஆர்2032 பேட்டரிகள் முப்பது ஆண்டுகளைத் தாண்டியவை, தீர்ந்த நாளில் சேமிப்பும் போய்விடும். நிண்டெண்டோவே 2016 நவம்பரில் உள்ளங்கை அளவுப் பெட்டியில் லினக்ஸையும் எமுலேட்டரையும் 30 விளையாட்டுகளையும் வைத்து விற்றது என்பது ஒரு வேடிக்கையான பின்குறிப்பு.

மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, சூடு, பொத்தான், இரண்டு கன்ட்ரோலர்கள், அணைத்து எழுப்புதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றிய போர்டு, தகரம், கனெக்டர் மூன்றையும் நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, என்ன கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். படச் சிப் போன போர்டில் செயலி நன்றாக இருக்கலாம், காவல் சிப் நன்றாக இருக்கலாம். இரண்டும் இன்று புதிதாக உற்பத்தியாவதில்லை, வேறொருவரின் பெட்டி அவற்றுக்காகக் காத்திருக்கக்கூடும்.

இங்ஙனம்,
சால்டரிங் மேசையிலிருந்து ஒரு கை